ஈரக் கோணிக்குள் நாற்பது கோழிகள்

கோட்டைக் கோழிக் கொட்டிலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு இதை எழுதுகிறேன். நேரில் வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கூச்சம் வந்துவிடும். இந்த வயதிலும் அது போகவில்லை. தேவாலயப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்த எழுத்து கையில் இருக்கிறது, அதை வைத்துச் சமாளிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீனி எவ்வளவு, கூண்டை எப்போது கழுவுவது என்பதை எல்லாம் கொட்டிலில் இருக்கிறவர்கள் சொல்லித் தருவார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. நம் வேலை கோழி வளர்ப்பது மட்டும் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோழி மிரளும்போதும், வெயிலில் வாடும்போதும், இடம் மாறித் தவிக்கும்போதும் அதன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் குறித்து வைப்பதுதான் நம் வேலை. பழவேற்காட்டிலிருந்து பத்தாவியாவுக்குப் போகும் ஒல்லாந்தர் கப்பல்களில் நோயாளிகளுக்குக் கோழிச்சாறு கொடுப்பார்கள். கரையில் கொழுகொழு என்று இருந்த கோழிகள் கப்பலில் ஏறிய நாலு நாளில் செத்துக்கொண்டிருந்தன. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் காலத்தில் கோட்டை வைத்தியர் இந்தக் கொட்டிலைத் தொடங்கினார்.

அவர் பெயர் கடைசி வரை என் வாயில் நுழையவில்லை. வைத்தியரய்யா என்றே கூப்பிட்டேன். என்னைவிட வயதில் சின்னவர். கழுத்து எப்போதும் வெயிலில் சிவந்து கிடக்கும். அவருக்கு வந்த தமிழ் குறைவு. அதில் அவர் அதிகம் சொன்ன வார்த்தை "எப்போ". ஒரு கோழி செத்துப்போனால், ஏன் செத்தது என்று கேட்கமாட்டார். "எப்போ மாறிச்சு?" என்பார். நேற்று எப்படி இருந்தது, காலையில் எப்படி இருந்தது, எந்த நேரத்தில் அதன் போக்கு மாறியது? அதைப் பிடித்துவிட்டால் காரணம் தானே வந்து நிற்கும் என்பது அவர் எண்ணம்.

நான் செய்த முதல் தவறைச் சொல்கிறேன். கோழியின் இடது இறக்கைக்கு அடியில் உள்ளங்கையை வைத்தால் நெஞ்சுத் துடிப்பு தெரியும். அது வாயால் எண்ண முடியாத வேகம். அதனால் மணல்குப்பியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் சிலேட்டில் ஒரு புள்ளி குத்த வேண்டும். மணல் தீர்ந்ததும் புள்ளிகளை எண்ணிக்கொள்ளலாம். நாலு நாள், பன்னிரண்டு கோழிகள். எல்லாவற்றுக்கும் புள்ளிகள் தினை கொட்டியதுபோல் விழுந்தன. "சும்மா இருக்கும் கோழிக்குத் துடிப்பு இவ்வளவு" என்று வைத்தியரய்யா சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு பெட்டையிடம் போனேன். அது என்னைக் கண்டு அசையவில்லை. மெதுவாகக் கையை அடியில் விட்டேன். புள்ளிகள் பாதிதான் விழுந்தன. மற்ற பன்னிரண்டையும் நான் கொட்டில் முழுக்கத் துரத்தித் துரத்தி அல்லவா பிடித்தேன்? நான் எண்ணியது சும்மா இருந்த கோழியின் துடிப்பை இல்லை. என்னைக் கண்டு பயந்த கோழியின் துடிப்பை.

இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. இன்றைக்குச் சொல்லலாம், சாயங்காலம் சொல்லலாம் என்று கூச்சத்திலேயே போனது. கடைசியில் சொன்னபோது அவர் கேட்டார்.

"எப்போ தெரியும்?"

"முந்தாநாளு, ஐயா."

"முந்தாநாளு!" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார். முந்தின நாள்தான் அந்தக் கணக்கை எழுதிக் கடிதமாக அனுப்பியிருந்தார். "தப்பு பரவால்லே. ரெண்டு நாள் பரவால்லே இல்லே" என்றார். அவர் தமிழ் அப்படித்தான் இருக்கும். ஆனால் புரிந்தது.

உங்கள் கையும் கோழிக்கு ஒரு பயம்தான், பெண்களே. எதை அளந்தாலும் முதலில் அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மடியில் வைத்துக்கொண்டு அது உங்களை மறக்கும்வரை காத்திருங்கள். சில கோழி சீக்கிரம் மறக்கும். காட்டூரிலிருந்து வரும் கோழிகளுக்குக் கொஞ்சம் நாளாகும். நெல் விளையும் ஊரில் களத்தில் மேய்ந்தவை அவை. இங்கே உப்புக்காற்றும் அலைச் சத்தமும் அவற்றுக்குப் புதிது. முதல் வாரம் ஓடு இல்லாத தோல்முட்டை இடும், தீனியைக் கிளறிவிட்டுப் போய்விடும். அந்த வாரத்தில் முளைத்த இறகை வெயிலில் பிடித்துப் பார்த்தால் குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு தெரியும். அதைப் பார்க்கும்போது எனக்குக் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் மாசம் ஞாபகம் வரும். சரி, அது கிடக்கட்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் பெரிய தவறு. அதற்கு ஒரு மனுஷனின் முதுகு பதில் சொல்ல இருந்தது.

அது வைகாசி மாசம். வைத்தியரய்யா சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று போயிருந்தார். அந்த நேரம் பார்த்து, கடலில் நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பலுக்கு நாற்பது கோழி வேண்டும் என்று பண்டகசாலைத் துரையிடமிருந்து உத்தரவு வந்தது. கோட்டைச் சரக்குகளின் பொறுப்பு அவரிடம்தான். கப்பல் கரைக்கு வராது. ஏரி கடலோடு சேரும் ஏரிமுகத்தைத் தாண்டி, அலையை உடைத்துக்கொண்டு படகில் போய் ஏற்ற வேண்டும். போய்ச்சேர மூன்று நாழிகை ஆகும்.

கோழிகளைக் கூடையில் கட்டிக் கொடுப்பது என் பொறுப்பு. உதவிக்கு இருந்தவள் அஞ்சலை. கோட்டைக்குப்பத்துப் பெண், வாய்த்துடுக்கு, நல்ல மனசு. அவள் புருஷன் எல்லப்பன்தான் அந்தப் படகின் தலைவர்.

வெயில் கண்ணைப் பறித்தது. இந்த வெயிலில் கோழிகள் எப்படிப் போகும் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. என் அம்மா மீன் விற்றவள். அவள் மீனைக் கூடையில் இடைவெளி இல்லாமல் அடுக்கி, மேலே கோணியை நனைத்து மூடி, வழியெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டே பொன்னேரிச் சந்தை வரை நடப்பாள். மீன் கெடாது. எங்கள் பக்கத்தில் எதையாவது வெயிலிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்றால் எல்லாருடைய கையும் தானாக அதைத்தான் செய்யும். நானும் அதைத்தான் செய்தேன். கூடைக்கு இருபதாக, ஒன்றை ஒன்று இடித்து விழாதபடி நெருக்கி அடைத்து, கோணியைக் கிணற்றுத் தண்ணீரில் முக்கி, இரண்டு மடிப்பாகப் போட்டு இறுக்கிக் கட்டினேன்.

"இன்னாக்கா, கோழிக்கு இம்மாம் உபசாரம்? என்னை இந்த மாரி ஒருத்தரும் வெயில்ல மூடி வெச்சதில்லியே" என்று சிரித்துக்கொண்டே அஞ்சலை இன்னும் ஒரு குடம் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அதையும் ஊற்றினேன்.

அன்று பிற்பகலே படகு திரும்பி வந்தது. நாற்பதில் இருபத்தேழு கோழிகள் செத்து, அதே படகில் திரும்பி வந்தன. கூடவே கப்பலிலிருந்து ஒரு கடிதம். முந்தின வாரம் அந்தக் கப்பல்காரன் ஒருவன் எல்லப்பனின் ஆள் ஒருவனைக் கன்னத்தில் அறைந்திருந்தான். எல்லப்பன் கரையில் எல்லார் முன்னாலும் அந்தக் கப்பல்காரனைத் திட்டித் தீர்த்தார். அந்த ஆத்திரத்தில் படகுக்காரர்கள் வேண்டுமென்றே கூடைகளைக் கடலில் முக்கிவிட்டார்கள், கூடைகள் சொட்டச் சொட்ட வந்தன என்று கடிதத்தில் எழுதியிருந்தது.

கரையில் கால் வைத்ததுமே எல்லப்பனைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தார்கள். மறுநாள் உச்சிவேளையில் வாசல் கம்பத்தில் கட்டி இருபது சவுக்கடி, அதற்குப் பிறகு படகைப் பறித்து வேறு ஆளிடம் கொடுப்பது என்று பண்டகசாலைத் துரை தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

செத்த கோழிகளைக் கொட்டில் வாசலில் கொண்டுவந்து கொட்டினார்கள். அஞ்சலை பக்கத்திலேயே மண்ணில் குந்திவிட்டாள்.

"அக்கா, அவரு கோவக்காரருதான், இல்லேன்னு சொல்லல. வாய் சும்மா இருக்காது. ஆனா உயிரோட கீற ஒண்ணத் தண்ணில முக்கற கை இல்லக்கா அது. வலையில ஆமை மாட்டிக்கினாக்கூட வலைய அறுத்து உட்டுருவாரு. அதுக்கு நான் அவர ஏசுவேன்."

கோழிகளை ஒன்றொன்றாக எடுத்து வரிசையாக வைத்தேன். எப்போ மாறிச்சு, எப்போ மாறிச்சு என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் கழுத்து நீண்டு, அலகு பிளந்திருந்தது. கொண்டை நாவல்பழ நிறத்தில் கறுத்திருந்தது. இறக்கைகள் உடம்பை ஒட்டாமல் விலகியே விறைத்திருந்தன. கிணற்றில் விழுந்து செத்த கோழியை நான் பார்த்திருக்கிறேன். அதன் தொண்டையை அமுக்கினால் தண்ணீர் வரும். இவற்றின் தொண்டையை அமுக்கினேன். ஒரு சொட்டு வரவில்லை.

பிறகு இறக்கைக்கு அடியிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன். இன்னொன்றை எடுத்து அதையும் நக்கினேன்.

"இன்னாக்கா பண்ற? உனக்குப் பித்தா புடிச்சிக்கிச்சு?"

"உப்பு இல்லடி."

"இன்னா?"

"இறகுல உப்பே இல்ல. கடல் தண்ணில முக்கியிருந்தா கரிக்கும்."

அஞ்சலை துள்ளி எழுந்தாள். "அப்போ அவரு முக்கலன்னுதானே? வாக்கா, இப்பவே போய்ச் சொல்லு. வா!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் இழுப்பது மெல்ல நின்றது.

"அப்போ அது எந்தத் தண்ணிக்கா?"

"நம்ம கெணத்துத் தண்ணி. நான் ஊத்தினது."

இத்தனை நாள் சிலேட்டில் குறித்ததெல்லாம் அப்போதுதான் எனக்கு அர்த்தமானது. கோழிக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை அது வாயைத் திறந்து, தொண்டை படபடக்க மூச்சாகத்தான் வெளியே தள்ளும். வறண்ட வெயிலில்கூடத் தாக்குப்பிடித்துவிடும். மழைக்கு முந்தின புழுக்கத்தில்தான் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காமல் துவண்டுபோகும். அதை நானே எத்தனையோ நாள் குறித்திருக்கிறேன். இப்போது என் கையாலேயே கூடைக்குள் அந்தப் புழுக்கத்தை உண்டாக்கிக் கட்டிக்கொடுத்திருந்தேன். மீன் செத்தது, அதை ஈரம் காப்பாற்றும். கோழி உயிருள்ளது, உள்ளே சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இருபது கோழிகள் சேர்ந்தால் அது ஒரு அடுப்பு. அந்த அடுப்பின்மேல் ஈரத்துணியைப் போட்டு மூடிவைத்தவள் நான். பிழைத்த பதின்மூன்றும் கூடையின் ஓரத்தில், ஓட்டைப் பக்கம் இருந்தவையாகத்தான் இருக்கும்.

அஞ்சலை என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "நாளைக்கு உச்சி வெயிலுக்கு முன்னாடி சொல்லிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சொன்னால் எனக்கு வேலை போகும், அல்லது எனக்கும் அதே கம்பம்தான். அதைவிட எனக்குப் பயம், துரைக்கு முன்னால் வாயைத் திறந்து பேச வேண்டும் என்பதுதான். இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரலாம். கூச்சம் உள்ளவர்களுக்குத்தான் அது தெரியும்.

காலையில் துபாஷியிடம் போனேன். துரைக்குத் தமிழில் இருப்பதை அவர் பாஷையில் சொல்லும் ஆள் அவர். நான் திக்கித் திணறிச் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலைப்பாகையை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "ஏம்மா, உனக்கு இன்னா வந்துச்சு? பழியத் தூக்கறதுக்கு வேற ஒருத்தன் கெடைச்சிக் கீறான், நீ போய் உன் தலையில தூக்கி வெச்சிக்கினு வரியே. தண்ணி ஊத்தினா குளுகுளுன்னு இருக்கும். அதனால செத்துச்சுன்னு சொன்னா தொரை என்னைப் பாத்துதான் சிரிப்பாரு."

"காட்டறேன்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

அதை வைத்துக்கொண்டு அவர் உள்ளே போய் எவ்வளவு பேசினாரோ தெரியாது. ரொம்ப நேரம் பேசினார். துரை ஒத்துக்கொண்டார்.

கோட்டை முற்றத்தில் இரண்டு கூடைகள் வைத்தேன். ஒன்றில் இருபது கோழி, நேற்றுப் போலவே நெருக்கி, ஈரக் கோணி போட்டுக் கட்டினேன். இன்னொன்றில் பத்து, மேலே காய்ந்த வலைத்துண்டு மட்டும். இரண்டும் ஒரே வெயிலில். துரை நிழலில் நாற்காலி போட்டுச் சுங்கானில் புகை பிடித்துக்கொண்டிருந்தார். எல்லப்பனைக் கைகட்டோடு கொண்டுவந்து கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அஞ்சலை கூட்டத்தில் முன்னால் நின்றாள்.

முதலில் இரண்டு கூடையிலும் ஒரே கூச்சல். கொஞ்ச நேரத்தில் வலை போட்ட கூடையில் கோழிகள் வாயைப் பிளந்து இரைத்தன, ஆனால் நிதானமாக. ஈரக் கூடையில் சத்தம் ஏறிக்கொண்டே போனது. துரை ஏதோ சொன்னார். துபாஷி, "ஒண்ணும் சாவலியேன்னு கேக்குறாரு" என்றார்.

நான் கூடைக்குப் பக்கத்தில் காதை வைத்து உட்கார்ந்திருந்தேன். பெண்களே, கத்துகிற கோழியைப் பற்றிப் பயப்படாதீர்கள். கத்த அதற்கு இன்னும் தெம்பு இருக்கிறது. சத்தம் எங்கே குறைகிறது என்று கேளுங்கள். ஒரு நாழிகை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அந்தக் கூடை சட்டென்று அடங்கியது. பார்க்கிறவர்களுக்குக் கோழிகள் சமாதானமாகிவிட்டன என்றுதான் தோன்றும். மாறுகிற இடம் அதுதான். இன்னும் தாமதித்தால் திறந்தாலும் பிழைக்காது.

நான் கயிற்றில் கை வைத்தேன்.

"ஏ, ஏ, இன்னா பண்ற!" என்று துபாஷி ஓடி வந்தார். "சாவறதுக்கு முன்ன தொறந்தியானா எல்லாம் வீணு. அங்க ஒருத்தன் முதுகு காத்துக்கினு கீது, பாத்தியா?"

அஞ்சலையும் வந்துவிட்டாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "அக்கா, உன் கால்ல உழறேன், இன்னும் கொஞ்சம் உடு. கோழிதானேக்கா. செத்துப் போவட்டும்கா."

அவள் கேட்டதில் தப்பே இல்லை. என் தவறுக்கு அவள் புருஷன் கட்டுண்டு நிற்கிறார். இருபது கோழி செத்தால் அவர் பிழைப்பார். நான் திறந்துவிட்டுத் துரை நம்பாமல் போனால்? ஆனால் உள்ளே நடப்பது எனக்குத் தெரியும். நேற்றுத் தெரியாமல் செய்தேன். இன்று தெரிந்தே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. சாவைக் காட்டினால்தான் நம்புவார்களா, சாகிற வழியைக் காட்டினால் போதாதா?

அப்போது நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் முகம் சூடாகிறது. எழுந்து போய்த் துரையின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தேன். சிப்பாய் ஒருவன் பாய்ந்து வந்தான். துரைக்கு ஆச்சரியத்தில் கோபப்படத் தோன்றவில்லையோ என்னவோ, எழுந்து வந்துவிட்டார். கோணியின் ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்தேன்.

"உள்ள கைய உடுங்க" என்றேன்.

துபாஷி சொல்ல வேண்டி இருக்கவில்லை. துரை முழங்கை வரை கையை விட்டார். சோற்றுப்பானை மூடியைத் திறந்ததுபோல் ஆவி அடித்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். கையெல்லாம் நனைந்து, மேலே சின்ன இறகுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரும் சொல்லாமலே அடுத்த கூடைக்குப் போய் வலைக்குள் கையை விட்டார். அங்கே ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

நான் அதற்குள் கோணியைக் கிழித்துத் தள்ளிவிட்டுக் கோழிகளை நிழலில் எடுத்துப் போட்டேன். அஞ்சலை என் பக்கம் வரவில்லை. பிறகு வந்து, அவளும் இரண்டிரண்டாக எடுத்துப் போட்டாள். முந்தானையால் விசிறினாள்.

துரை சிப்பாயிடம் ஒரு வார்த்தை சொன்னார். எல்லப்பனின் கட்டை அவிழ்த்தார்கள்.

அடுத்து, கூடையைக் கட்டியது யார் என்று கேட்டார். "நான்" என்றேன். துபாஷி பெருமூச்சு விட்டு அதைச் சொன்னார். இந்த முறை சுருக்கமாகவே சொன்னார். துரை சுங்கானைத் தட்டிச் சாம்பலை உதிர்த்துக்கொண்டே பதில் சொன்னார். கப்பலுக்கு இன்னும் நாற்பது கோழி வேண்டும். நானே கட்டி, நானே படகில் ஏறிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கொட்டிலை மூடிவிடுவார். வைத்தியர் வந்து கேட்டாலும் திறக்கமாட்டார்.

ஈரக் கூடையிலிருந்து எடுத்த இருபதில் இரண்டு அன்று சாயங்காலத்துக்குள் செத்துப்போயின. ஒன்று என் மடியிலேயே போயிற்று. நான் இன்னும் கொஞ்சம் முன்னால் திறந்திருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களிடம் பொய் சொன்னதாகும். நாம் தெரிந்துகொள்வதற்கு அவை கொடுக்கும் விலை இருக்கிறது. எவ்வளவு குறைவாக வாங்க முடியுமோ அவ்வளவு குறைவாக வாங்குங்கள். வேறு வழியில் காட்ட முடியும் என்றால் அந்த வழியில் காட்டுங்கள். பேச வராத எனக்கே வழி கிடைத்தது.

எங்கள் பக்கத்தில் பெண்கள் ஏரித் தோணியில் போவார்கள். கடல் படகில் ஏறமாட்டார்கள், ஆண்களும் ஏற்றமாட்டார்கள். மறுநாள் விடிந்ததும் நான் கரையில் கூடைகளோடு நின்றேன். இந்த முறை நாலு கூடை, கூடைக்குப் பத்து. காய்ந்த வலைதான் மூடி. மேலே ஓலையை எட்டத் தூக்கிக் கட்டி நிழல் பண்ணியிருந்தேன், காற்று நடுவில் ஓடும்படி. அஞ்சலை வந்து ஒரு பக்கம் பிடித்து எல்லாவற்றையும் படகில் ஏற்றினாள். என் முகத்தைப் பார்க்காமல், "ஓரமா குந்தாத. நடுவுல குந்து" என்றாள்.

துடுப்புப் போடுகிறவர்கள் வாய் ஓயவில்லை. "அண்ணே, பொம்பள ஏறின படகு, அலை சும்மா உடுமா?" என்றான் ஒருவன். "அலைய உடு, சாமி, இந்தம்மா நம்மளயும் கோணி போட்டு மூடிரப் போவுது" என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள். எல்லப்பன் சிரிக்கவில்லை. பின்னால் நின்று நீளத் துடுப்பைப் பிடித்திருந்தார். மணிக்கட்டில் கயிறு அறுத்த தடம் சிவந்து கிடந்தது. நான் அதைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வீட்டிலிருந்தே யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வெளியே வரவில்லை. இரண்டு கூடைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே காற்று இருந்தது. இறக்கைகள் என் விரல்களில் பட்டுப் பட்டு விலகின.

ஏரிமுகம் தாண்டியதும் முதல் அலை படகைத் தூக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவது அலையில் படகு நெட்டுக்குத்தாக நின்றது. மூன்றாவது வந்தபோது வானம் காணாமல் போய், பச்சைத் தண்ணீர்ச் சுவர் ஒன்று எதிரில் எழுந்தது. நான் வாழ்நாளில் போடாத சத்தம் போட்டு அலறினேன்.

எல்லப்பன் பின்னாலிருந்து கத்தினார்.

"கத்தாத, யக்கா! கோழிங்க மெரளுது!"

படகே சிரித்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அன்று அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். நாற்பது கோழிகளும் உயிரோடு கப்பல் ஏறின.